ஊசி போடாமல் விழித்திரையைப் படம் எடுப்பது: வந்த அன்றே முடிக்க ஒரு வழிமுறை

எண்ணூரிலிருந்தோ கொருக்குப்பேட்டையிலிருந்தோ ஒரு சர்க்கரை நோயாளி கண் காட்ட வந்தால், அவருக்கு அரை நாள் கூலி போயிற்று. காசிமேட்டில் மீன் ஏலம் முடித்து நேராக வருபவர், மூட்டை தூக்குவதை ஒத்திவைத்து வருபவர், பேரனைத் துணைக்கு அழைத்து வரும் பாட்டி என்று எல்லோருக்கும் அதே கணக்குதான். ‘படம் சரியா விழல, அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பிவிட்டு, அவர் திரும்ப வருவார் என்று நம்பி இருக்க முடியாது. படமே எடுக்காவிட்டால் நோயாளிக்கு ஒரு சந்தேகமாவது மிஞ்சும். மோசமான படத்தை வைத்து ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகமும் போய்விடும். ஃபண்டஸ் கேமராவும் (விழித்திரையைப் புகைப்படம் எடுப்பது) ஓசிடியும் (ஒளியால் விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டுவது) கையாளும் டெக்னீஷியன், ஆப்டோமெட்ரிஸ்ட், பயிற்சி மருத்துவர் ஆகியோர் ஒரே வருகையில் நம்பத்தக்க படம் எடுப்பதற்கும், எடுத்த படம் எங்கே ஏமாற்றும் என்று கண்டுபிடிப்பதற்கும் இந்தக் குறிப்பு.

எந்தக் கேள்விக்கு எந்தப் படம்

ஃபண்டஸ் புகைப்படம் விழித்திரையை முன்னாலிருந்து பார்க்கிறது. ரத்தக்கசிவு, மஞ்சள் படிவு, புதிதாக முளைத்த ரத்தக்குழாய், பார்வை நரம்பின் நிறம் ஆகியவை அதில் தெரியும். வீக்கம் இருக்கிறதா, எந்த அடுக்கில் நீர் கோத்திருக்கிறது என்பதைச் சொல்ல ஓசிடி வேண்டும். 1991-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த முறையில், கண்ணுக்குள் அனுப்பிய அகச்சிவப்பு ஒளி ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்புகிறது. அதை ஒரு ஒப்பீட்டுக் கதிரோடு குறுக்கிடச் செய்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். இன்றைய ஸ்பெக்ட்ரல் வகைக் கருவிகள் ஆழவாக்கில் சுமார் 5 முதல் 7 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும்.

ஓசிடி ஆஞ்சியோகிராபி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, மாறிக்கொண்டே இருப்பது ரத்த ஓட்டம், மாறாமல் நிற்பது திசு என்று பிரிக்கிறது. ஆட்டோஃபுளோரசன்ஸ், நிறமி அடுக்கில் சேர்ந்துள்ள லிப்போஃபஸ்சின் என்ற கழிவுப் பொருள் தானாக ஒளிர்வதைப் படமெடுக்கிறது. செல்கள் செத்த இடம் அதில் கறுப்பாக விழும்.

இந்த நான்குக்கும் ஊசி இல்லை, சாயம் இல்லை. கைநரம்பில் ஃபுளோரசின் சாயம் ஏற்றும் பரிசோதனையில் சிலருக்குக் குமட்டல் வரும். மிக அரிதாக உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் உண்டு. ஆனாலும் ரத்தக்குழாய் கசிகிறதா என்ற கேள்விக்கு நேரடியான பதில் சாயத்தில்தான் கிடைக்கும். ஆஞ்சியோ ஓசிடி ஓட்டத்தைக் காட்டும், கசிவைக் காட்டாது. இதை மறந்து ‘ஊசி தேவையே இல்லை’ என்று நோயாளியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அறையும் லென்ஸும்

கடலோரத்துக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். இரவெல்லாம் ஏசி ஓடாமல் பூட்டிக் கிடக்கும் அறையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை பிடித்தால் பூச்சை அரித்துவிடும், துடைத்து மீட்க முடியாது. லென்ஸ் மூடியைப் போட்டு, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் மாற்றிவிடுங்கள். காலையில் ஏசியைப் போட்ட உடனே கதவைத் திறந்து வைத்தால், குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்று பட்டு ஆவி படியும். அன்றைய முதல் நான்கைந்து படங்கள் மங்கலாக விழுவதற்கு இது ஒரு காரணம்.

ஏசிக் காற்று நோயாளியின் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. கண் காய்ந்தால் ஓசிடியின் சிக்னல் அப்படியே இறங்கும். கன்டெய்னர் லாரிகள் போகும் மணலி, எண்ணூர் சாலைகளை ஒட்டிய கட்டடமானால், கருவி மேசையைச் சாலைப் பக்கச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். மின்சாரம் விட்டு விட்டு வரும் இடத்தில் கருவிக்குத் தனி யுபிஎஸ் கட்டாயம்.

படத்தில் சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால், அடுத்த நோயாளியின் படத்தில் அதே இடத்தில் பாருங்கள். அங்கும் இருந்தால் அது லென்ஸில் உள்ள தூசு. முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். போகாவிட்டால் லென்ஸ் தாளில் கம்பெனி சொன்ன திரவத்தை ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். சட்டை நுனி, காய்ந்த பஞ்சு இரண்டும் கீறும்.

சொட்டு மருந்துக்கு முன்

பார்வை அளவை முதலில் குறித்துவிடுங்கள். பாப்பாவை (கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளை) விரிக்கும் சொட்டு விட்ட பிறகு எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. கண் அழுத்தத்தைக் கருவிழியைத் தொட்டு அளப்பது, கோணம் பார்க்கும் கண்ணாடி வைப்பது ஆகியவற்றைப் படம் எடுத்து முடித்தபின் செய்யச் சொல்லுங்கள். தொட்ட கருவிழியில் ஜெல்லும் சாயமும் மிச்சம் இருந்தால், எந்த விலைக் கருவியிலும் படம் கலங்கும்.

பாப்பா தானாகப் பெரிதாக, இருட்டில் 5 நிமிடம் உட்கார வையுங்கள். நான்-மிட்ரியாட்டிக் (சொட்டு விடாமல் எடுக்கும்) கேமரா என்று விற்கப்படுபவற்றில் பலவற்றுக்குச் சாதாரண முறையில் 4 மி.மீ., சிறு பாப்பா முறையில் 3.3 மி.மீ. தேவை. சர்க்கரை பல வருடமாக உள்ளவர்களுக்குத் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்படுவதால் பாப்பா சிறுத்தே இருக்கும். கண்புரை வேறு சேர்ந்தால் சொட்டு விடாமல் வேலை நடக்காது.

சொட்டு விடும் முன் டார்ச்சைக் காதுப் பக்கமிருந்து கருவிழிக்கு இணையாக அடியுங்கள். மூக்குப் பக்கக் கருந்திரை (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரை) நிழலில் மூழ்கினால் முன்னறை ஆழம் குறைவு. அவருக்குச் சொட்டு விட்டால் திடீரென அழுத்தம் ஏறலாம் என்பதால் மருத்துவர் பார்க்காமல் விடாதீர்கள். மற்றவர்களுக்கு ட்ரோபிகாமைடு 0.8 சதவீதமும் ஃபினைல்எஃப்ரின் 5 சதவீதமும் சேர்ந்த சொட்டு வழக்கம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும் இதய நோயாளிக்கும் ஃபினைல்எஃப்ரின் இல்லாத தனி ட்ரோபிகாமைடு போதுமா என்று மருத்துவரிடம் கேட்டு விடுங்கள். ஒரு சொட்டு விட்டதும், மூக்கோரக் கண் மூலையை ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நம்மவர்களின் அடர்நிறக் கருந்திரை மெதுவாகத்தான் விரியும், அவசரப்பட்டு மூன்றாவது நான்காவது முறை விடாதீர்கள்.

மங்கல் 4 முதல் 6 மணி நேரம் இருக்கும். ‘பைக்குல வராதீங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, கறுப்புக் கண்ணாடியோ தொப்பியோ எடுத்துக்குங்க’ என்பதை முந்தின நாள் போனிலேயே சொல்லிவிடுங்கள். வந்தபின் சொன்னால் சொட்டே வேண்டாம் என்பார், அந்த நாளும் போகும்.

உட்கார வைப்பது

பாதிப் படங்கள் கெடுவது இங்கேதான். நாற்காலியையும் மேசையையும் அவர் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கழுத்தை எக்கிக்கொண்டு உட்கார்ந்தவர் பத்தாவது நொடியில் பின்வாங்குவார். கண்ணின் வெளிமூலை, தூணில் உள்ள உயரக் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். நெற்றிப் பட்டையில் ஒரு டிஷ்யூ ஒட்டினால் திருநீறு, எண்ணெய் எதுவும் தடையில்லை. யாரையும் நெற்றியைத் துடைக்கச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அம்மா, தாடையை இதுல வைங்க. நெத்தி நல்லா ஒட்டட்டும். பல்லு லேசா சேர்ந்திருக்கட்டும். உள்ள ஒரு வெளிச்சப் புள்ளி தெரியுதா? அதையே பாருங்க. நான் சொன்னதும் ரெண்டு தடவை கண்ணை மூடித் திறங்க, அப்புறம் நல்லா விரிச்சு வைங்க.” வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் வீட்டில் தெலுங்கும் உருதுவும் பேசுபவர்கள் உண்டு. ‘புள்ளியைப் பாருங்கள்’, ‘கண்ணை மூடித் திறங்கள்’, ‘அசையாதீர்கள்’ என்ற மூன்றையும் அந்த மொழிகளில் கற்று வைத்தால் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் மிச்சம்.

புள்ளி தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அது ஒத்துழையாமை என்று எண்ணாதீர்கள். அவருடைய மாகுலாவில்தான் (கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரையின் மையப் பகுதி) கோளாறு இருக்கலாம், குறித்துக்கொள்ளுங்கள். மறு கண்ணுக்கு முன்னே கருவியின் வெளி விளக்கைக் கொண்டுவாருங்கள். மறு கண்ணிலும் பார்வை இல்லையென்றால், அவருடைய கட்டைவிரலையே முன்னால் நீட்டி அதன் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தன் கை இருக்குமிடம் உடம்புக்குத் தெரியும்.

எடுக்கும் வரிசை முக்கியம்: ஓசிடி, பிறகு ஆஞ்சியோ, பிறகு ஆட்டோஃபுளோரசன்ஸ், கடைசியில் வண்ணப் புகைப்படம். ஃபிளாஷை முதலில் அடித்தால் சொட்டு விடாத பாப்பா சுருங்கும், நோயாளிக்குக் கண் கூசி புள்ளி மறையும், விழித்திரை நிறமிகள் வெளுத்து ஆட்டோஃபுளோரசன்ஸ் அளவும் மாறும்.

ஓசிடி

நோயாளியின் பவரைக் கருவியில் ஏற்றுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதன் பவரைக் கொண்டு ஃபோகஸ் வைப்பது எளிது. பாப்பாவின் நடுவில் கதிர் நுழைந்தால் குறுக்குவெட்டு கிடையாக நிற்கும். சாய்ந்து நின்றால் ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்துங்கள், நேராகிவிடும். நடுவில் புரை இருந்தால் நடுவையே பிடித்துத் தொங்காமல், புரை இல்லாத இடைவெளியைத் தேடிச் சற்றுச் சாய்வான படத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். சிக்னல் குறைவாக இருந்தால் முதலில் கண் சிமிட்டச் சொல்லுங்கள், அடுத்து பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். கருவியைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான். சிர்ரஸ் என்ற ஓசிடி கருவியில் சிக்னல் 10-க்கு 6-க்குக் கீழும், ஸ்பெக்ட்ராலிஸ் என்ற கருவியில் 15 டெசிபலுக்குக் கீழும் உள்ள படத்தின் தடிமன் எண்ணை நம்பாதீர்கள்.

6 மி.மீ. சதுரத்தை 128 கோடுகளாக வெட்டினால் கோட்டுக்குக் கோடு இடைவெளி சுமார் 47 மைக்ரான். அதே பரப்பை 25 கோடுகளில் முடித்தால் இடைவெளி சுமார் 240 மைக்ரான். ஒரு சின்ன மாகுலா துளை அல்லது நீர்க்குமிழி அந்த இடைவெளியில் விழுந்து தப்பலாம். பார்வை குறைவுக்கும் படத்துக்கும் பொருந்தவில்லை என்றால் நெருக்கமான கோடுகளில் மறுபடி எடுங்கள்.

எடுத்து முடித்ததும் நோயாளி தாடையை எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு வெட்டையும் ஓட்டிப் பாருங்கள். தடிமன் வரைபடத்தின் நிறங்களைப் பிறகு பார்க்கலாம். கருவி விழித்திரையின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் கோடு வரைந்து, நடுவில் உள்ள தூரத்தை எண்ணாகச் சொல்கிறது. நீர் கோத்த இடத்தில், நிறமி அடுக்கு எழும்பிய இடத்தில், மேலே சவ்வு படர்ந்த இடத்தில் அந்தக் கோடு தவறி வேறு அடுக்கில் ஏறிவிடும். அதாவது நோய் எங்கே அதிகமோ அங்கேதான் எண் அதிகமாகப் பொய் சொல்லும். கோட்டைக் கையால் திருத்தி மறுபடி கணக்கிடச் செய்யுங்கள். தடிமன் வரைபடத்திலுள்ள வட்டங்களின் நடு, மாகுலாவின் நடுப்பள்ளமான ஃபோவியாவின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விலகியிருந்தால், விளிம்பின் தடித்த பகுதி ‘மைய வீக்கம்’ ஆகக் கணக்கில் வரும்.

மற்ற ஏமாற்றுகள்: கண் சிமிட்டிய இடம் கறுப்புப் பட்டையாக விழும். அதிக மைனஸ் பவர் உள்ள நீண்ட கண்ணில் ஓரம் தலைகீழாக மடங்கித் தெரியும். அது கண்ணாடிப் பிம்பம், விழித்திரை கிழிந்ததாக எண்ண வேண்டாம். அதே கண்களில் பார்வை நரம்பு இழைகளின் தடிமன் அறிக்கை சிவப்பாக வந்தாலும் உடனே கண்ணழுத்த நோய் என்று எழுதக் கூடாது. ஒப்பீட்டுக்கு எடுத்த சராசரிக் கண்கள் அவ்வளவு நீளமானவை அல்ல. திரையில் உயரம் இழுத்துக் காட்டப்படுவதால், மேடும் பள்ளமும் இருப்பதைவிடச் செங்குத்தாகத் தோன்றும். அளவெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

எண்ணை எழுதினால் கருவியின் பெயரையும் எழுதுங்கள். கீழ் எல்லையை ஒவ்வொரு கம்பெனியும் வேறு இடத்தில் வரைகிறது. சர்க்கரையால் மையத்தில் வீக்கம் என்று கொள்ளும் எல்லை சிர்ரஸில் பெண்களுக்கு 290, ஆண்களுக்கு 305 மைக்ரான். ஸ்பெக்ட்ராலிஸில் அதுவே 305, 320. ஒரு கருவியில் முதல் படமும் மற்றதில் இரண்டாவது படமும் எடுத்து ‘15 மைக்ரான் கூடிவிட்டது’ என்று எழுதினால், நோயாளி தேவையில்லாத கவலையோடு வீட்டுக்குப் போவார்.

வெட்டுகளில் என்ன தேடுவது? சர்க்கரை வீக்கத்தில் உள் அடுக்குகளில் கறுப்புக் குமிழிகளும், பிரகாசமான சிறு புள்ளிகளும், சிலருக்கு விழித்திரைக்கு அடியில் நீரும் இருக்கும். எலிப்சாய்டு பட்டை என்ற, ஒளியுணர் செல்களைக் காட்டும் வெளிர்கோடு அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். வீக்கம் வடிந்தபின் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதற்கு அது நல்ல குறிப்பு. குமிழிகள் மையத்துக்கு மேற்பாதியிலோ கீழ்ப்பாதியிலோ மட்டும் நின்றால் சிரைக் கிளை அடைப்பை நினையுங்கள், ரத்த அழுத்தத்தை அங்கேயே அளந்து பாருங்கள். இளவயதில் அடியில் தெளிந்த நீரும் தடித்த கோராய்டும் (விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தக்குழாய் அடுக்கு) சேர்ந்தால் ஸ்டீராய்டு பற்றி விசாரியுங்கள். மாத்திரையோடு நிறுத்தாமல் முகக்கிரீம், மூட்டுவலி ஊசி, பெயர் தெரியாத பொடி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முழு ஆழ மாகுலா துளையில் மிகக் குறுகிய இடத்தைக் கிடைவாக்கில் அளங்கள். 250 மைக்ரான் வரை சிறியது, 400 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது.

முடக்குவாதத்துக்கு, விழித்திரையைச் சேதப்படுத்தக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு அடிப்படைப் படம், 5 வருடம் கழிந்தபின் ஆண்டுக்கு ஒன்று என்பது பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.-க்கு மேல் சாப்பிடுபவருக்கும் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. ஆசிய மக்களில் சேதம் மையத்தை விட்டுத் தள்ளி, பெரிய ரத்தக்குழாய் வளைவுகளை ஒட்டித் தொடங்குவது அதிகம். 6 மி.மீ. சதுரத்தோடு நிறுத்தாமல் அகன்ற ஸ்கேனும் ஆட்டோஃபுளோரசன்ஸும் சேர்த்து எடுங்கள்.

ஆஞ்சியோ படம் எடுத்தால்

3 மி.மீ. சதுரத்தில் நுண்குழாய்கள் தெளிவாக விழும், 6 மி.மீ.-இல் பரப்பு கூடித் தெளிவு குறையும். கிடையாக வெள்ளைக் கோடுகள் இருந்தால் கண் அசைந்திருக்கிறது, மறுபடி எடுங்கள். கறுத்த திட்டைப் பார்த்ததும் ‘ரத்த ஓட்டம் இல்லை’ என்று எழுதிவிடாமல், அதே இடத்தின் சாதாரண ஓசிடி படத்தை அருகில் வையுங்கள். அங்கும் கறுப்பானால் அது மிதக்கும் தூசோ புரையோ விழுத்திய நிழல். மேலடுக்குக் குழாய்களின் நிழல் கீழடுக்கில் அப்படியே படிவதும் உண்டு. நோயாளி 3 விநாடி நிலைக்க முடியாதவரானால் இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஃபண்டஸ் புகைப்படம்

ஒவ்வொரு கண்ணுக்கும் 45 டிகிரியில் இரண்டு படம்: மாகுலா நடுவில் ஒன்று, பார்வை நரம்பு நடுவில் ஒன்று. சொட்டு விடாமல் எடுத்தால் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் பிறகு பாப்பா மறுபடி விரியச் சில நிமிடம் இருட்டில் விடுங்கள். நம்மவர்களின் விழித்திரை நிறம் அடர்த்தி என்பதால் ஃபிளாஷ் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். ஆனால் கூட்டிக்கொண்டே போனால் பார்வை நரம்பு வெள்ளைத் தட்டாக எரிந்துவிடும்.

ஓரத்தில் பிறை போன்ற வெளிறல் இருந்தால் கேமரா பாப்பா நடுவை விட்டு விலகியிருக்கிறது. சுற்றிலும் நீல வெள்ளை வளையம் என்றால் தூரம் தவறு. கீழ் ஓரத்தில் இமைமயிரின் நிழல் என்றால் இமையை விரலால் எலும்பின் மேல் பிடியுங்கள், கண்ணை அழுத்தாதீர்கள். கடலில் வெயில் பட்டு உழைப்பவர்களிடம் கருவிழி மேல் சதை வளர்ந்திருக்கலாம். அந்தப் பக்கத்தைத் தவிர்த்து நுழையுங்கள். ஃபோவியாவைச் சுற்றி உள்ள மிகச்சிறிய குழாய்கள் எண்ணிப் பார்க்கும் அளவு தெரிந்தால் படம் தேறியது. தெரியாவிட்டால் சிமிட்டச் சொல்லி இன்னொன்று, அதுவும் இல்லையென்றால் சொட்டு.

பார்க்கும்போது சிவப்பை நீக்கிப் பச்சை நிறத் தளத்தை மட்டும் திரையில் போடுங்கள். வண்ணப்படத்தில் ஒளிந்திருந்த நுண் ரத்தக்குமிழிகள் கறுப்புப் புள்ளிகளாக எழும்பி வரும். சர்க்கரை விழித்திரை நோயின் தீவிர நிலையை அடையாளம் காண 4-2-1 விதி போதும்: விழித்திரையின் நான்கு கால் பாகத்திலும் 20-க்கு மேல் ரத்தக்கசிவு, அல்லது இரண்டில் மணிமாலை போல் புடைத்த சிரை, அல்லது ஒன்றில் தெளிவான கோணல் நுண்குழாய்கள். 45 டிகிரி படம் ஓரத்தைக் காட்டாது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். 200 டிகிரி அகன்ற கேமரா இருந்தால் ஓரம் கிடைக்கும், ஆனால் லேசர் வகைகளில் நிறம் இயற்கையானதல்ல.

அன்றே அனுப்ப வேண்டியவை

பார்வை நரம்பின் மேல் புதிய குழாய்கள், கண்ணுக்குள் ரத்தம், விழித்திரை விலகல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே அறிக்கை டைப் ஆகும் வரை காத்திருக்காமல் விழித்திரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசு வழி வேண்டுபவருக்கு 1819 முதல் இயங்கும் எழும்பூர் கண் மருத்துவமனை இருக்கிறது. வலியில்லாமல் திடீரென ஒரு கண் இருண்டு, விழித்திரை வெளுத்து நடுவில் செர்ரிச் சிவப்புத் தெரிந்தால் அது தமனி அடைப்பு. கண்ணில் நடந்த பக்கவாதம் என்றே கொள்ளுங்கள். ஓசிடி எடுக்க உட்கார வைக்காதீர்கள். ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் துணையோடு உடனே போகச் சொல்லுங்கள்.

மற்றவர்களின் படத்தைக் கருவியின் சொந்த வடிவத்திலேயே சேமியுங்கள். திரையைப் போனில் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை வைத்து அடுத்த வருடம் ஒப்பிட முடியாது, நோயாளியின் பெயரும் அதில் ஊர் சுற்றும். அடுத்த முறை கருவியின் ‘ஃபாலோ-அப்’ முறையில், பழைய படத்தின் அதே கோட்டிலேயே எடுங்கள். அச்சிட்ட தாளில் வலது, இடது என்று தமிழில் பெரிதாக எழுதி, எடுத்த தேதி, கருவியின் பெயர், சொட்டு விட்டதா இல்லையா, அடுத்து வர வேண்டிய மாதம் ஆகிய நான்கையும் கீழே குறித்து, மாத்திரைச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுங்கள். சர்க்கரை மாத்திரை வாங்கும்போதெல்லாம் அந்தத் தாள் அவர் கையில் வரும்.